கருவிகளைக் குறித்துப் பேசும் முறை

கைத்தொழில் யாதாயினும், அதற்குரிய கருவிகளைச் செம்மையாகக் கையாள அறியாதவன் அதில் தேர்ச்சி பெற்றவனாகான். இவ்வுண்மை தச்சர்க்கும் கொல்லர்க்கும் எத்துணைப் பொருந்துமோ, அத்துணை கணிப்பொறிக்கு நிரல் எழுதுவார்க்கும் பொருந்தும். ஆதலின், நிரலர் கூடும் மாநாடுகளில் கருவிகளைப் பற்றிய சொற்பொழிவுகளுக்குத் தனியிடம் உண்டு. எனினும் அவற்றுட் பல கேட்போர்க்குப் பயன்படாமலே கழிகின்றன. இதற்குக் காரணம் யாது, இதனை நீக்கும் வழி யாது என்பன குறித்து என் கருத்தை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி 1995-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவரால் பத்தே நாட்களில் முதலுருவம் பெற்றது. இன்று இணையப் பக்கங்களிற் பெரும்பாலன இதனாலேயே இயங்குகின்றன. விரைவிற் பிறந்த மொழியாதலின் இதனிடத்துச் சில விபரீதங்களும் உண்டு. அவற்றினின்று நிரலரைக் காக்கும்பொருட்டுக் கருவிகள் பல தோன்றின. 2006-இல் ஃபயர்பக் உலாவிக்குள்ளேயே பிழை தேட வழி செய்தது. 2012-இல் டைப்ஸ்கிரிப்ட்டும், 2013-இல் ஈஎஸ்லின்ட்டும் வெளிவந்தன. இன்றோ கருவிகளின் பெயர்களை நினைவில் வைப்பதே ஒரு தனி வித்தையாகிவிட்டது.

நிற்க. சின்னாட்களுக்கு முன் வேலூர்ப் பக்கத்தில் மாணவர் கூட்டமொன்றில் இப்பொருள்பற்றிப் பேச எனக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியது. நாற்பது நிமிடத்தில் எட்டுக் கருவிகளைக் காட்டக் கருதி, படங்கள் பல ஆயத்தம் செய்து, பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசினேன். இடையில் இணையத் தொடர்பு அறுந்தது; அதை நம்பியிருந்த கருவிகள் திரையில் அசைவற்று நின்றன. ஒருவாறு பேசி முடித்தேன். கைதட்டினார்கள்; வினவுவார் ஒருவருமிலர்.

கூட்டம் கலைந்தபின், அணைக்கட்டிலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருத்தி மடிக்கணினியை ஏந்தி என்னிடம் வந்தாள். அவளுடைய அன்னை ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையொன்றில் தையல் வேலை செய்பவர். அவருடைய கூலிக் கணக்கைச் சரிபார்க்க அவள் ஒரு சிறு பக்கம் எழுதியிருந்தாள். நாட்கூலி 450, மிகைநேரக் கூலி 50 என்று இட்டால், விடை 500 என்று வாராமல் 45050 என்று வந்தது. “ஐயா, தாங்கள் காட்டிய எட்டுக் கருவிகளுள் எது என் பிழையைக் காட்டும்?” என்று வினவினாள். அவ்வினா என் நெஞ்சைத் தைத்தது.

இருவரும் அமர்ந்தோம். புதிய கருவி எதனையும் தேடவில்லை. எஃப்12 விசையை அழுத்தி, உலாவியிலேயே அமைந்த கருவியைத் திறந்து, கூட்டல் நிகழும் வரியில் ஒரு நிறுத்தப்புள்ளி வைத்தோம். நிரல் அவ்விடத்தே நின்றது. மதிப்புகளை நோக்கியவள், “ஐயா, இவ்விரண்டும் மேற்கோட்குறிக்குள் இருக்கின்றனவே!” என்றாள். கட்டத்தில் இட்ட எண்ணை உலாவி எழுத்தாகவே தருகின்றது; எழுத்தையும் எழுத்தையும் கூட்டினால் இம்மொழி அவற்றை ஒட்டிவைக்கும். எண்ணாக மாற்றியபின் கூட்டினாள்; 500 வந்தது. அப்பத்து நிமிடம் என் நாற்பது நிமிடத்தினும் பெரிது என்று கண்டேன்.

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் என் பெரியப்பா புதிதாக வேலைக்கு வருவோனுக்குக் கற்பிக்கும் முறையை நான் சிறுவயதிற் கண்டதுண்டு. அவர் நல்ல தோலின் பெருமையைப் பேசத் தொடங்குவதில்லை; வடுப்பட்ட தோலொன்றை மேசைமேல் விரித்து, அவன் கையைப் பற்றி அவ்வடுவின்மேல் வைப்பார். விரல் வடுவை அறிந்தபின்னரே கத்தியைப் பற்றியும் வெட்டைப் பற்றியும் பேசுவார். கருவியைப் பற்றிப் பேசுவோரும் இங்ஙனமே தொடங்கல் வேண்டும் என்பது என் துணிபு.

முதலாவது, கருவியைப் புகழாமல் பிழையொன்றைக் கேட்போர் கண்முன் நிறுத்துக. இரண்டாவது, அதனைத் தேடும் வழியைத் தடுமாற்றங்களோடும் காட்டுக. மூன்றாவது, கருவி எவ்விடத்துக் கைகொடாது என்பதையும் ஒளியாமற் கூறுக. மேற்கூறிய கணக்கிலே, தொகை எண்ணாகவே இருத்தல் வேண்டும் என்று முன்னரே அறிவித்திருந்தால் டைப்ஸ்கிரிப்ட் எச்சரித்திருக்கும். ஈஎஸ்லின்ட்டின் வழக்கமான விதிகளோ அதனைக் காட்டியிரா. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவன் ஒரு கருவியை மெய்யாக அறிந்தவனாவான். நான்காவது, வேண்டுவன யாவற்றையும் கணிப்பொறியில் முன்னரே நிறைத்துவைத்து, இணையமின்றியும் இயங்குமாறு செய்துகொள்ளுக.

பிழையை வெளியிடுதல் பேசுவோன் மதிப்பைக் குறைக்கும் என்பர் சிலர். அது பொருந்தாது. ரையான் டால் என்பவர் 2009-இல் பெர்லின் நகரத்து மாநாடொன்றில் நோட் என்னும் தம் படைப்பை உலகிற்கு அறிமுகம் செய்தார்; அது மிகப் பரவியது. 2018-இல் அதே நகரத்தில் மீண்டும் மேடையேறி, நோட் குறித்துத் தாம் வருந்தும் பத்துக் காரியங்கள் என்னும் தலைப்பிற் பேசினார். டீனோ என்னும் புதிய படைப்பையும் அன்று வெளியிட்டார். தம் குறையைத் தாமே எடுத்துரைத்ததனால் அவர் புகழ் தாழ்ந்திலது. டான் அப்ரமோவ் என்பவரோ 2015-இல் பாரிஸ் மாநாட்டிற் பேசும்பொருட்டு ஆயத்தம் செய்கையிலேயே ரிடக்ஸ் என்னும் நிரல் நூலகத்தை எழுதினார். நிரலின் முந்தைய நிலைகளுக்குப் பின்னோக்கிச் சென்று திருத்தும் வகையை அவர் மேடையிலேயே நிகழ்த்திக் காட்டினார். பிறர்க்கு விளக்க முயல்பவனுக்குத் தன் பொருள் முன்னினும் தெளிவாகும் என்பதற்கு இஃதொரு சான்று.

இவ்வகைப் பொருளைத் தமிழிற் பேசுதல் இயலாது என்று கூறுவாரும் உளர். கருவிகளின் பெயர்கள் பிறமொழியினவாகவே இருக்கட்டும். அவற்றால் யாதோர் இழுக்குமில்லை. ஆனால் ‘ஏன் பிழைத்தது’ என்னும் ஆராய்ச்சி, கேட்போன் எம்மொழியில் எண்ணுகின்றானோ அம்மொழியில் நிகழ்தல் வேண்டும். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டியே தமிழ்99 விசைப்பலகை அமைந்தது; அன்று அறிஞர் கூடி ஆய்ந்ததன் பயனை இன்றும் நம் விரல்கள் நுகர்கின்றன. அம்மாணவியும் என் பேச்சின்போது கடைசி வரிசையில் வாய் திறவாதிருந்தவளே. தமிழில் உரையாடத் தொடங்கியதும், பிழையைக் கண்டவள் அவளேயன்றி நானல்லேன்.

ஆதலின், நண்பர்காள், உங்களுள் எவரேனும் நாளை மேடையேறுவீராயின், அரங்கின் கடைசி வரிசையை நோக்குங்கள். அங்கே ஊர்ப்பேருந்தில் வந்து, தன் பிழையைத் தன் பையிற் சுமந்து ஒருவர் வீற்றிருப்பார். எட்டுக் கருவிகளின் பெயர்களை அவருக்கு அளிப்பதினும், அவர் கையைப் பற்றி ஒரு வடுவின்மேல் வைப்பதே மேலாம். அதனைச் செய்யாத சொற்பொழிவு எத்துணை அழகியதாயினும் வீணேயாம்.