எருவைக் கொள்வோனுக்கும் பயிற்சி வேண்டும்

புதுச்சேரிப் பட்டணத்தில் பிரெஞ்சுக்காரர் குடியிருப்பையும் தமிழர் தெருக்களையும் பிரித்தோடும் பெரிய வாய்க்கால், நெடுங்காலமாய்ச் சாக்கடை நீரைச் சுமந்து கடலில் கொட்டிவந்தமை பட்டணவாசிகள் யாவரும் அறிந்ததே. வில்லியனூர், பாகூர் பக்கத்துக் குடியானவர்களோ மூட்டை மூட்டையாய் யூரியாவை விலைகொடுத்து வாங்குகின்றனர். ஒரு பக்கம் கடலுக்குப் போகும் தழைச்சத்தை மறுபக்கம் காசு கொடுத்துத் தருவிப்பது விசித்திரமான குடித்தனமாகும்.

பட்டணத்துக்கு வடக்கே, 1968-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஆரோவில்லில் இவ்விஷயம் பல்லாண்டுகளாகப் பரீட்சிக்கப்பட்டு வருகிறது. அங்கே 15 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடிக் கிண்ணமொன்று, வெயிலைத் திரட்டி நீராவி எழுப்பிப் பொதுச் சமையலுக்கு உதவும்படி அமைக்கப்பட்டது. விவசாயிக்கு அதனினும் பிரயோஜனமானது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறையேயாம். சாக்கடை நீரைத் தொட்டியில் தங்கவைத்து, தடுப்புச் சுவர்களுள்ள அறைகளில் கீழும் மேலுமாய் ஓடவிட்டு, நாணல் நட்ட சரளைப் படுகையில் வடித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகின்றனர். நிலம் சரிவாயிருப்பின் இதற்கு மின்சாரமும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. இவற்றைக் கற்பிக்கும் பயிற்சிகளும் அங்கே நடைபெற்று வந்திருக்கின்றன.

ஆயினும் எங்கும் இத்தகைய பயிற்சிகளில் கட்டும் வித்தையே முதன்மை பெறுகிறது. கட்டியபின் அதினின்று வெளிவருவதை எவர் ஏற்றுக்கொள்வது என்னும் கேள்வி கடைசிக்குத் தள்ளப்படுகிறது. காரியம் கெடுவது அங்கேதான்.

சாண எரிவாயுக் கலனையே எடுத்துக்கொள்வோம். 1981-82-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் நாடெங்கும் லட்சக்கணக்கான கலன்கள் கட்டப்பட்டன. 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். நாலைந்து மாடுகள் உள்ள வீட்டுக்கு இது எளிது. சாணத்தை வரட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனிலிட்டால் கரியே பெரும்பாலும் வாயுவாய்ப் பிரிகிறது; தழைச்சத்து, ஸ்லரி என்று வழங்கும் குழம்பில் நின்றுவிடுகிறது. அக்குழம்பை வெயிலில் பரப்பி உலர்த்தினால் சத்தில் ஒரு பங்கு ஆவியாகிவிடுமாதலால், குப்பைக் குழியில் இலைச் சருகோடு சேர்ப்பது நலம்.

இவ்வளவு அனுகூலமிருந்தும் பல கலன்கள் பாழாய்க் கிடக்கக் காரணம் யாது? மேலே ஆடை படியாதபடி இரும்பு டிரம்மைத் தினமும் சுழற்றாமை, குழாயில் சேரும் நீரை வடிக்காமை, துருவுக்கு வர்ணம் பூசாமை இவையே. இவற்றுக்கு இன்ஜினீயர் வேண்டுவதில்லை. வாயு ஒன்றையே ஆதாயமாகக் கருதிய வீட்டில், கடையில் சிலிண்டர் கிடைத்தவுடன் கலன் மறக்கப்படுகிறது. ஸ்லரியை நிலத்தில் கண்டு பழகியவனோ அதை எளிதில் கைவிடான்.

மலசல எருவில் ஜாக்கிரதை அதிகம் வேண்டும். முசிறியில் 2006-ஆம் ஆண்டளவில், மலமும் சிறுநீரும் தனித்தனியே சேரும் பொதுக் கழிப்பிடம் ஏற்பட்டது. உபயோகிப்போருக்குச் சிறு தொகையும் கொடுக்கப்பட்டது! வேடிக்கையாகத் தோன்றினும், எருவுக்கு விலையுண்டென்பதை ஜனங்களுக்கு உணர்த்த இதனினும் நேரான வழியில்லை. ஆனால் கழிப்பிடத்தை எரிவாயுக் கலனோடு இணைத்துவிட்டால் போதுமென்று எண்ணுவது பிசகு. வயிற்றுப் புழுவின் முட்டைகள் கலனின் மிதமான சூட்டில் முழுதும் மடிவதில்லை. இரட்டைக் குழிக் கழிப்பிடத்திலும் நிரம்பிய குழியை ஒன்றரை முதல் இரண்டு வருஷம் மூடிவைத்தே திறத்தல் வேண்டும். பக்குவமான எருவைத் தென்னை, வாழை, கரும்புக்கு இடலாம். பச்சையாய்த் தின்னும் கீரை, காய்களுக்கு ஆகாது.

இதில் அருவருப்பைப் பேசுவோர் உண்டு. அருவருக்கத்தக்கது, இவ்வேலையை ஒரு வகுப்பார் தலையில் தலைமுறை தலைமுறையாய்ச் சுமத்திய வழக்கமே. 2013-ஆம் வருஷச் சட்டம் அதை விலக்கியும், தொட்டிக்குள் இறங்கி விஷவாயுவால் மாய்வோர் இன்னும் இருக்கின்றனர். மனிதன் இறங்க வேண்டாதபடி குழியை அமைப்பதும், பக்குவமாகி மண்ணாய் மாறியதை நிலத்துக்காரர் தம் கையாலேயே அள்ளி இடுவதும் ஒரே பாடத்தில் கற்பிக்கப்படத்தக்கன.

ஆகவே குரும்பாபேட்டிலுள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில், கொத்தனார், கலனில் சாணம் கரைக்கும் வீட்டுப் பெண், எருவைக் கொள்ளும் நிலத்துக்காரர் ஆகிய மூவரையும் ஒரே பந்தியில் அமர்த்திப் பயிற்சியளிக்க வேண்டும். மானியத்துக்குச் சான்று எழுதும் கிராம உத்தியோகஸ்தரும், கட்டடத்தை அளப்பதோடு நில்லாமல், கழிவு எந்த நிலத்துக்குப் போகிறதென்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். சம்பா நடவில் ஒரு பாத்திக்கு ஸ்லரியும் அடுத்த பாத்திக்கு வழக்கமான தொழுவெருவும் இட்டு, அறுவடையில் இரண்டையும் தனித்தனியே அளந்து காட்டும்படி பயிற்சியாளரைக் கேட்கக் குடியானவருக்குப் பூரண உரிமை உண்டு.