சதுரங்கக் காய்களும் இரண்டு பாராளுமன்றங்களும்

ஸ்கொத்லாந்தின் மேல்கரைக்கு அப்பால், அத்திலாந்திக் கடலின் அலை மோதும் லூயிஸ் என்னும் தீவு உண்டு. 1831ஆம் ஆண்டளவில் அத்தீவின் மணற்கரையொன்றிற் பழைய புதையல் ஒன்று வெளிப்பட்டது. பெரும்பாலும் வால்றஸ் என்னும் கடல்விலங்கின் தந்தத்திற் செதுக்கிய 93 பொருள்கள். அவற்றுள் 78 சதுரங்கக் காய்கள். கன்னத்திற் கைவைத்துக் கவலையே உருவாக வீற்றிருக்கும் அரசியையும், கேடயத்தின் விளிம்பைப் பல்லாற் கடித்து நிற்கும் வீரனையும் படத்திற் கண்டோர் மறவார். பாரத நாட்டு ஆட்டம் பாரசீகமும் அரபு நாடுகளும் கடந்து மேற்கே சென்றபோது, மந்திரியின் இடத்தை அரசியும் யானையின் இடத்தை மேற்றிராணியாரும் கைப்பற்றிக்கொண்ட வரலாறு இக்காய்களிலே துலங்குகின்றது.

இவற்றுள் 82 இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. 11 எடின்பரோவில் உள்ளன. இலண்டனார் இவற்றைக் கொள்ளையிட்டாரல்லர். வணிகர் ஒருவரிடம் 80 கினி கொடுத்து வாங்கினர். எனினும், 2007இல் ஸ்கொத்லாந்தின் முதலமைச்சரான அலெக்ஸ் சல்மண்ட் இவை தம் நாட்டிற்கே உரியன என்று வாதாடினார். வழக்கு அன்றிலிருந்து முற்றிலும் ஓய்ந்தபாடில்லை.

நாம் ஈண்டு ஆராயப் புகுவது உரிமையை மட்டுமன்று. அவ்வுரிமையைத் தீர்க்க வல்லவர் யாவர் என்பதையுமாம். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 1999இற் கூடிய ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றத்திற்குப் பண்பாட்டுத் துறையில் அதிகாரம் உண்டு. ஆனால், தன் மண்ணிற் கிடைத்த இக்காய்கள்மீது அதற்கு ஒரு சொல்லும் இல்லை. பிரித்தானிய நூதனசாலை 1963ஆம் ஆண்டுச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டது. இரட்டைப் பிரதி முதலிய சில பொருள்களையன்றி வேறெதனையும் விட்டுக்கொடுக்க அச்சட்டம் இடந்தராது. கடனாக அனுப்பலாம், அவ்வளவே. அதன் தருமகர்த்தர் 25 பேருட் பதினைவரை நியமிப்பவர் பிரதம மந்திரி. சட்டத்தைத் திருத்தவேண்டின் வெஸ்ற்மின்ஸ்ரரே திருத்தல் வேண்டும்; 2024ஆம் ஆண்டுத் தேர்தலின்படி அங்குள்ள 650 அங்கத்தவருட் ஸ்கொத்லாந்தினர் 57 பேர்.

ஆங்கிலேயர்க்கும் ஒரு குறை உண்டு. இங்கிலாந்துக்கே உரிய காரியங்களில் அந்த 57 பேரும் வாக்களிப்பர்; எடின்பரோவுக்கு விடப்பட்ட காரியங்களில் இங்கிலாந்தின் அங்கத்தவர் தலையிடார். 1977இல் மேற்கு லோதியன் தொகுதியின் அங்கத்தவர் எழுப்பிய இவ்வினாவுக்கு விடையாக 2015இல் ஒரு விதி வகுத்தனர். 2021இல் அதனை நீக்கிவிட்டனர். பல தேசங்கள் ஒருகுடைக்கீழ் வாழுமிடத்துப் பெரும்பான்மை என்பது எக்கூட்டத்தின் பெரும்பான்மை என்று கேட்பின், விடை எளிதில் வாராது.

எமது கீழ்க்கரையிற் கிடைத்த தாரையின் வெண்கல வடிவமும் அதே நூதனசாலையிலேயே இருக்கின்றது. 1830இற் பிறவுன்றிக் என்னும் முன்னாள் தேசாதிபதி கொடுத்தது. அதனைக் கேட்பதற்குத் தனியரசாகிய எமக்குத் தூதுவர் உளர். ஸ்கொத்லாந்துக்கோ, கேட்கப்படும் அரசிலே தானும் ஒரு கூறு என்பதால், அந்த வாயிலும் அடைபட்டுளது. 1296இல் முதலாம் எட்வேட் கவர்ந்து சென்ற முடிசூட்டுக் கல் 1996இல் மீண்டதே எனின், அது முடிக்குரிய பொருள். பிரதம மந்திரி மேஜர் துணிந்தார், கல் புறப்பட்டது. காய்களுக்கோ சட்டமே காவல்.

இனி, எடின்பரோவின் வழக்கும் பழுதற்றதன்று. காய்கள் செதுக்கப்பட்ட 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் லூயிஸ் நோர்வே மன்னனின் ஆட்சிக்குட்பட்டது. 1266ஆம் ஆண்டு உடன்படிக்கையாலேயே ஸ்கொத்லாந்தின் வசமாயிற்று. காய்களும் நோர்வேயிலே செய்யப்பட்டன என்பதே அறிஞர் பலர் துணிபு. ஆகவே, செய்த நாடு, வாங்கிய நகர் ஆகிய இரண்டிலும் மேலாக, கண்டெடுத்த தீவின் உரிமையே எமக்கு வலிதாகத் தோன்றுகின்றது. கேலிக் மொழி வழங்கும் அத்தீவினர் இருபெருநகர்க்கும் தொலைவில் வாழ்பவர். இன்று தீவின் தலைப்பட்டினமாகிய ஸ்ரோர்ணவேயிலுள்ள நூதனசாலையில் ஆறு காய்கள் நீண்டகாலக் கடனாக வைக்கப்பட்டுள. அவற்றை அனுப்பியதோ, பழிக்கப்படும் இலண்டன்! எடின்பரோ தன் பதினொன்றிற் சிலவற்றை முதலில் ஸ்ரோர்ணவேக்கு அனுப்புமாயின், எண்பத்திரண்டைக் கேட்கும் அதன் குரலுக்கு வெஸ்ற்மின்ஸ்ரரிலும் செவிசாய்ப்போர் சிலர் கிடைப்பர் என்பது எம் கருத்து.