பாட்டு மட்டும் போதுமா வே?

நம்ம திருநெல்வேலிப் பக்கம் எஃப்.எம்.னு சொன்னா பலருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது சூரியன் 93.5 தான். 2000-களின் தொடக்கத்துல அது வந்தப்ப, 1963-ல ஆரம்பிச்ச நம்மூர் ஆகாசவாணியையும் இலங்கை வானொலியையும் கேட்டுப் பழகின காதுக்கு, நாள் முழுக்கச் சினிமாப் பாட்டுங்கிறது புதுசு.

பாட்டு போடட்டும், வேண்டாங்கலை. ஆனா தனியார் எஃப்.எம். சொந்தமா செய்தி சொல்லக் கூடாதுங்கிற விதி இருக்கே, அதுதான் எனக்கு ஒப்பலை. 2011 கொள்கைப்படி, ஆகாசவாணி செய்தியை ஒரு வரி மாத்தாம ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை, மின்தடை, உள்ளூர் நிர்வாகம் தர்ற பேரிடர் எச்சரிக்கை, இதெல்லாமும் சொல்லலாம்.

'எச்சரிக்கைதான் சொல்லலாமே, அப்புறம் என்ன குறை?'ன்னு கேப்பீங்க. 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைச்சுப் பாருங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட நூத்துக்கணக்கான பேர் மாட்டிக்கிட்டாங்க. பல ஊர்ல கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. பாபநாசம், மணிமுத்தாறு அணையில எவ்வளவு தண்ணி திறக்காங்கங்கிறது அதிகாரி தர்ற அறிவிப்பு. எந்தக் குளம் உடைஞ்சுது, எந்தப் பாலத்துல போக முடியாது, ஏரலுக்குப் படகு வந்துச்சாங்கிறதை நேர்ல போய்ப் பார்த்துச் சொன்னா அது செய்தி. அதுக்குத்தான் தடை! அந்த மாதிரி ராத்திரியில ரெண்டு பேட்டரி போட்ட ரேடியோதானே பேசும்?

செய்தின்னு விட்டா கட்சிப் பிரச்சாரம் ஆயிடும்னு ஒரு பயம் உண்டு. நியாயமான பயந்தான். ஆனா சூரியன் எஃப்.எம். நடத்துற அதே குழுமத்துக்கு சன் நியூஸ் இருக்கே! டிவியில வராத ஆபத்து ரேடியோவுல மட்டும் எங்கிருந்து வரும்?

வெள்ளத்துக்கு மூணு மாசம் முன்னால, 2023 செப்டம்பர்ல, டிராய் அமைப்பு மணிக்குப் பத்து நிமிஷம் வரைக்கும் செய்திக்கு அனுமதிக்கலாம்னு பரிந்துரைச்சுது. செல்போன்ல இருக்கிற எஃப்.எம். வசதியை முடக்கக் கூடாதுன்னும் சொல்லிச்சு. ரெண்டும் வேணும்.

கூடவே என் பங்குக்கு ஒண்ணு. அந்தப் பத்து நிமிஷத்துல பாதி உள்ளூர்ச் செய்திதான்னு நிபந்தனை போடணும். இல்லேன்னா டெல்லிச் செய்தியையும் சினிமாக் கிசுகிசுவையும் வாசிச்சுட்டுப் போயிருவாங்க. விளம்பரம் நம்ம ஊர்க் கடையில வாங்குதாங்கல்லா, நம்ம ஆத்துல தண்ணி எவ்வளவு வருதுன்னும் சொல்லட்டும்.