தொட்டிக்குச் சாயம் முதலில், சிலிகோன் பிறகு

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஃபைபர் குளியல் தொட்டியில் விழுந்த விரிசலை ரெசின் வைத்து அடைத்துவிட்டோம். ஒட்டுப்போட்ட இடம் அசிங்கமாகத் தெரிகிறது. வீட்டில் மிச்சமிருக்கும் சுவர்ச் சாயத்தை மேலே அடித்துவிடலாமா?"

வேண்டாம், சகோதரி. தேங்கும் தண்ணீருக்கும் சுடுதண்ணீருக்கும் சுவர்ச் சாயம் தாங்காது, உரிந்து வரும். தொட்டிக்கென்றே விற்கும், இரண்டு டின்னைக் கலந்து அடிக்கிற எப்பாக்சி சாயம் வாங்குங்கள்.

அதற்கு முன் ஒட்டுப்போட்ட இடத்தைக் காலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அடியில் தாங்கல் இல்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் சாயம் அடிப்பது வீண். விரிசல் மறுபடி வரும்.

ஓரத்திலுள்ள பழைய சிலிகோனை முழுக்கச் சுரண்டி எடுங்கள். சிலிகோன் மேல் எந்தச் சாயமும் ஒட்டாது. பலர் ஒழுகலுக்குப் பயந்து முதலில் சிலிகோன் பூசிவிட்டு, பிறகு சாயம் அடிக்கிறார்கள். அங்கேதான் உரியத் தொடங்கும். 400-ஆம் எண் சாண்ட்பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து, கழுவிக் காயவைத்து, அசிட்டோனால் துடையுங்கள். பிறகு விரல்கூடப் படக்கூடாது. சொட்டும் குழாய்க்குப் பிளாஸ்டிக் பை கட்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் எப்பாக்சி வெளுத்துப் பிசுபிசுக்கும். சாயங்கால மழைக்கு முன், காலையிலேயே அடித்துவிடுங்கள். மெல்லிசாக இரண்டு பூச்சு போதும்.

பழைய சாயத்தை எடுக்க மெத்திலின் குளோரைடு கலந்த திரவத்தைத் தொடவே வேண்டாம். இதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தொட்டிக்குள் கிண்ணத்தில் தண்ணீர் நிற்பதுபோல் நிற்கும். நாம் குனிந்து முகத்தை வைப்பதும் அங்கேதான். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை தொட்டி புதுப்பிக்கும் வேலையில் இதனால் குறைந்தது 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தொழில் தெரிந்தவர்கள். எப்பாக்சி அடிக்கும்போதும் சன்னலைத் திறந்து விசிறியைப் போடுங்கள். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது; ரசாயன ஆவிக்கான வடிகட்டி வைத்த கவசம் வேண்டும். பிள்ளைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

டின்னில் போட்டிருக்கும் நாள் கணக்குப்படி சாயம் நன்றாக இறுகட்டும். பிறகு தொட்டி நிறையத் தண்ணீர் பிடியுங்கள். 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அந்தப் பாரத்தில் தொட்டி இறங்கி, சுவரோர இடைவெளி விரியும். அப்போதுதான் பூஞ்சணம் பிடிக்காத சிலிகோனைப் பூச வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் அப்படியே நிற்கட்டும். காலித் தொட்டியில் பூசினால், முதல் குளியலிலேயே சிலிகோன் பிய்ந்துகொள்ளும்.

அடுக்குமாடியில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2015-ஆம் ஆண்டு ஸ்திராத்தா விதிமுறைகளின்படி, கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் தெரிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை மேல்வீட்டுக் கசிவு என்றே எடுத்துக்கொள்வார்கள். கிள்ளானில் இரட்டை மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தத் தகராறு இல்லை. ஒழுகுவது அவர்கள் வீட்டு ஹாலிலேயே.