நெல் விளைவிப்போர் இலையும் நகரத்தார் இலையும்

விதை, எரு, பாசனம், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றைக் குறித்தே இப்பக்கங்களில் நாம் பெரும்பாலும் எழுதி வருகிறோம். விளைந்த தானியம் மனித தேகத்தினுட் சென்று யாது செய்கிறதென்பதைப் பற்றிப் பேசுவது அரிது. களத்துமேட்டில் நெல்லை அளந்து கட்டியவுடன் விவசாயியின் கடமை தீர்ந்துவிட்டதென்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் பிழையானதென்பது எமது அபிப்பிராயம். நெல்லை விளைவிக்கும் மிராசுதார் தம் இலையில் எதனை, எவ்வளவு இட்டுக்கொள்கிறார் என்பதும் விவசாய அபிவிருத்தியைச் சேர்ந்த விஷயமேயாகும். இதனை விளக்குவதற்கு முதலில் சென்னை நகரத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு கிராமத்துக்குத் திரும்புவோம்.

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளிற் காலை வேளையில் நடப்பவர்கள் கீரைக்கட்டுகளையும், வாழைப்பூவையும், வாழைத்தண்டையும், அவரை, புடல், பூசணி முதலிய காய்களையும் காண்பார்கள். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் காய்கறிக்கோ கனிவகைக்கோ பஞ்சமில்லை. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்திற் கிடைக்கும் ஊரில் ஆகாரக் குறை எவ்வாறு இருக்கக்கூடும் என்று நினைக்கத் தோன்றும். ஆயினும் இலையை அளந்து பார்த்தவர்கள் வேறு விதமான செய்தியைத் தருகிறார்கள்.

மயிலாப்பூருக்கு அணித்தாயுள்ள கோபாலபுரத்தில் நீரிழிவு ஆராய்ச்சி நிலையமொன்று நடைபெற்று வந்தது. டாக்டர் வி. மோகனும் அவருடன் உழைத்தவர்களும் அந்நிலையத்தின் சார்பாக 2001-ஆம் ஆண்டு முதல் சென்னை நகரவாசிகள் 26,001 பேரைப் பரிசோதிக்கும் பெரும் பணியொன்றை மேற்கொண்டனர். அவர்களில் ஒரு பகுதியினருடைய அன்றாட ஆகாரமும் விரிவாகக் கணக்கிடப்பட்டது. நகரவாசி ஆகாரத்தினின்று பெறும் சக்தியில் நூற்றுக்கு ஏறக்குறைய 46 பங்கு தீட்டிய தானியத்திலிருந்தே, அதாவது பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்தே, வந்தது. பருப்பு, பயறு வகைகளின் பங்கு நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. காயும் கனியும் சேர்ந்து நாளொன்றுக்கு 265 கிராமே தேறியது. உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவோ குறைந்தது 400 கிராம். தீட்டிய தானியத்தை மிகுதியாக உண்டவர்களிடத்தில் நீரிழிவும் மிகுந்திருந்தது.

சென்னையில் இருபது வயதுக்கு மேற்பட்டோருள் நீரிழிவுற்றவர்கள் 1989-இல் நூற்றுக்கு 8.3 பேராகவும், 1995-இல் 11.6 பேராகவும், 2000-இல் 13.5 பேராகவும், 2004-இல் 14.3 பேராகவும் காணப்பட்டனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் இப்பெருக்கம் நிகழ்ந்தது. இதற்கு அரிசி ஒன்றே காரணமென்று கூறுதல் நியாயமாகாது. பரம்பரையும், வயிற்றுப் பருமனும், உடலுழைப்பின் குறைவும் சேர்ந்தே இவ்வியாதியை விளைவிக்கின்றன. ஆனால் உழைப்புக் குறைந்த தேகத்தில் மிகுதியான வெள்ளைச் சோறு சேரும்பொழுது அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்ததாகும்.

“இது பட்டணத்தாருக்கு வந்த கேடு, கிராமத்தாருக்கு என்ன?” என்று சிலர் கேட்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2011-இல் வெளியான ஆராய்ச்சியில், தமிழ்நாட்டு நகரங்களில் நூற்றுக்கு 13.7 பேரும், கிராமங்களில் 7.8 பேரும் நீரிழிவுற்றிருந்தனர். இவ்விரண்டாவது எண்ணை 1989-இல் சென்னையிற் கண்ட எண்ணோடு ஒத்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சென்னை நின்ற இடத்துக்கு இருபது ஆண்டுகள் கழித்து நம் கிராமம் வந்து சேர்ந்திருக்கிறது. சென்னை பிறகு சென்ற வழியே கிராமமும் செல்லவேண்டுமா என்பதே இப்பொழுது நம்முன் நிற்கும் கேள்வி.

ஆகாரம் தேகத்துக்கு மூன்று காரியங்களைச் செய்கிறது. முதலாவது, வேலைக்கும் உடற்சூட்டுக்கும் வேண்டிய சக்தியைத் தருதல். இதனைத் தானியமும், கிழங்கும், எண்ணெயும் செய்கின்றன. இரண்டாவது, தசையையும் இரத்தத்தையும் வளர்த்துத் தேய்ந்ததைப் புதுப்பித்தல். இது பருப்பு, பயறு, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலுள்ள புரதத்தின் வேலை. மூன்றாவது, நோய்க்கு இடங்கொடாமல் தேகத்தைக் காத்தல். இதற்கு வேண்டிய ஜீவசத்துக்களும் உலோக உப்புக்களும் கீரையிலும், காயிலும், கனியிலும், தீட்டாத தானியத்தின் தவிட்டிலும் உள்ளன. சக்தி தரும் பொருளை மட்டும் மிகுதியாக இட்டு மற்ற இரண்டையும் குறைத்தல், தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டு மணிச்சத்தையும் சாம்பற் சத்தையும் மறந்த வயலுக்கு ஒப்பாகும். பயிர் பச்சையாகத் தோன்றும், மணி பிடிக்காது.

இவ்வுண்மையை ஆராய்ந்தறிந்ததில் நமது மாகாணத்துக்குப் பெரும் பங்குண்டு. நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-இல் மக்காரிசன் என்பவர் பெரிபெரி என்னும் நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஆகார ஆராய்ச்சிச் சாலையாயிற்று. 1935 முதல் அதன் தலைவராயிருந்த அய்க்ராய்டு, அரிசியைக் குறித்து விரிவாக ஆராய்ந்தார். பச்சரிசியை ஆலையில் நன்கு தீட்டி உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்டவர்களிடத்தில் அந்நோய் அரிதாயிருந்தது. நெல்லைப் புழுக்கும்பொழுது தவிட்டிலுள்ள ஜீவசத்தில் ஒரு பகுதி அரிசியினுள்ளே இறங்கிவிடுகிறபடியால் தீட்டிய பின்னும் அது முற்றிலும் அழிவதில்லை. நம் வீட்டுப் பெண்மக்கள் தலைமுறை தலைமுறையாக அண்டாவில் நெல்லை வேகவைத்த பழக்கம் எத்தனை உயிர்களைக் காத்ததென்பதை அவர்களே அறியார்கள். குன்னூர்ச் சாலை 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்று நாட்டுக்கே ஆகார அளவுகளை வகுத்துரைக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிவுரையின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி வேண்டிய ஒருவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், கனி 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மாமிச வகை 85 கிராம், கொட்டை, எள் முதலிய வித்துக்கள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி லிட்டர் போதுமானவை. காய்கறியில் 100 கிராம் கீரையாயிருத்தல் நலம். அரிசி, கோதுமை, சிறுதானியம் யாவும் சேர்ந்து சக்தியில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேற்படலாகாது. அதிலும் தீட்டாத தானியத்துக்குத் தக்க இடம் வேண்டும். சென்னைவாசியின் இலையில் தீட்டிய தானியம் ஒன்றே அவ்வெல்லை முழுவதையும் நிரப்பிவிட்டதென்பதைக் கவனிக்க. சாம்பாருக்குச் சோறு, இரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு என்று மும்முறை இடுகிறோம். கறி மட்டும் இலையின் ஓரத்தில் ஒரு கரண்டியோடு நின்றுவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நாள் முழுதும் ஏர் பிடிப்பவனுக்கு 250 கிராம் தானியம் எம்மாத்திரம்? ஆட்சேபம் சரியே. அதே மருத்துவக் கழகம் 2020-இல் வகுத்த கணக்கின்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆண்மகனுக்கு 2,110 கலோரியும், கடும் உழைப்பாளிக்கு 3,470 கலோரியும் தேவை. ஆகவே, உழைப்பவன் மிகுதியாக உண்பதிற் குற்றமில்லை. ஆனால் இன்று உழவுக்கு டிராக்டரும், நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. வரப்பைச் சுற்றி நடந்த மிராசுதார் மோட்டார் சைக்கிளிற் செல்கிறார். நீர் இறைத்த கை பொத்தானை அமுக்குகிறது. உழைப்பு ஏறக்குறையப் பட்டணத்துக் குமாஸ்தாவின் அளவுக்கு இறங்கிவிட்டது. இலையோ ஏர் பிடித்த பாட்டனாரின் இலையாகவே இருந்து வருகிறது. தவிடு நீங்கிய அரிசி என்பதொன்றே வேறுபாடு. கிராமத்தில் இவ்வியாதி பரவுவதற்கு இவ்விரண்டுக்குமுள்ள பொருத்தமின்மையே முக்கியமான காரணமென்று யாம் கருதுகிறோம்.

வயிறு நிறைந்தோரிடத்திலும் சத்துக் குறைவு உண்டு. அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டும். அரிசியில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கே புரதமாதலின், அவ்வளவையும் சோற்றினாலேயே பெறவேண்டுமாயின் ஏறக்குறைய முக்கால் கிலோ அரிசி உண்ணவேண்டும். பருப்பிலோ நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் புரதமுண்டு. மேலும், அரிசிப் புரதத்திற் குறைந்துள்ள அம்சம் பருப்பில் மிகுதி. பருப்பிற் குறைந்தது அரிசியில் உண்டு. இட்டலியிலும் பொங்கலிலும் இவ்விரண்டையும் சேர்த்த நம் முன்னோர் வழக்கம் இன்றைய சாஸ்திரத்துக்கும் ஒத்ததேயாகும்.

நம் நிலத்திற் கூலி வேலை செய்யும் குடும்பங்களின் நிலையையும் மறத்தலாகாது. அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பசியைத் தீர்த்த இவ்வேற்பாட்டைக் குறைகூறுவாரிலர். ஆனால் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும் பருப்பு மாதத்துக்கு ஒரு கிலோ. நால்வருள்ள குடும்பத்தில் இது தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம். மிகுதியை வெளிச்சந்தையில் வாங்கவேண்டும். கூலியாளுக்கு அது எளிதன்று. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச்சோகை உண்டென்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு கண்டிருக்கிறது. நாற்றுப் பறிக்கும் பெண் இடுப்பு நோகிறதென்று வரப்பிற் குந்தும்பொழுது, அது சோம்பலன்று, இரத்தக் குறைவாக இருக்கலாமென்று நிலவுடைமையாளர் எண்ணிப் பார்ப்பாராக.

இனிச் செய்யவேண்டியவை யாவை? முதலாவதாக, நஞ்சைத் தரிசிற் பயறு. சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழெட்டு நாட்களுக்கு முன் நிற்கும் பயிரினூடே உளுந்தோ பச்சைப்பயறோ தெளிக்கும் முறையைக் காவிரிப் பாசன விவசாயிகள் நன்கறிவர். எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அது விளைந்துவிடும். ஐவருள்ள குடும்பத்துக்கு, தலைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் வீதம், ஆண்டுக்கு ஏறக்குறைய 110 கிலோ பயறு போதும். விளைவதை எல்லாம் வியாபாரியிடம் அளந்துவிடாமல் வீட்டுக்கு வேண்டியதை முதலில் ஒதுக்குக; கூலியில் ஒரு பகுதியைப் பயறாகப் பெற விரும்பும் தொழிலாளர்க்கு அவ்வாறே அளிக்க.

இரண்டாவதாக, கொல்லையில் இரண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை, ஒரு பப்பாளி. வரப்போரத்தில் அகத்தியும் துவரையும். நூறு கிராம் முருங்கைக் கீரையிலும், நூறு கிராம் கேழ்வரகிலும் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்துண்டு. வெள்ளை அரிசியில் அது மிகச் சொற்பம். கீரையிலுள்ள இரும்புச்சத்து தேகத்திற் சேர எலுமிச்சைச் சாறு உதவும். உணவோடு காப்பியும் தேநீரும் பருகுதல் அதனைத் தடுக்கும். மூன்றாவதாக, பால் முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுக் குழந்தைகளுக்கு வெறுங் காப்பித்தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துதல் வேண்டும்.

தீட்டாத அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவிட்டிலுள்ள எண்ணெயினால் அவ்வரிசி விரைவிற் சிக்கடித்துவிடும், பூச்சியும் பிடிக்கும். வேகவும் நேரமாகும். இவை மெய்யான குறைகளே. வியாபாரிகள் வெள்ளை அரிசியை விரும்புவதற்கும் இதுவே காரணம். ஆனால் நெல்லைக் குதிரில் வைத்திருக்கும் விவசாயிக்கு இத்தொல்லை இல்லை. பதினைந்து நாட்களுக்கு வேண்டியதை மட்டும் இலேசாக அரைத்துக் கொள்ளலாம். சென்னை ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் வெளியிட்ட பரீட்சையொன்றில், உடற்பருமன் மிக்கவர்கள் வெள்ளை அரிசிக்குப் பதிலாக ஐந்து நாட்கள் தீட்டாத அரிசி உண்டபொழுது, இரத்தத்திற் சர்க்கரையின் ஏற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முழுவதும் மாற்ற முடியாதவர்கள் ஒரு வேளைக்கேனும் மாற்றுவார்களாக. அளவை மறந்து உண்டால் கைக்குத்தல் அரிசியும் காப்பாற்றாது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கிலுள்ள நகரசபைப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956-இல் மாகாணமெங்கும் விரிந்து, 1982-இற் சத்துணவாக வளர்ந்தது. நம் ஊர்ச் சத்துணவுக் கூடத்தையும் அங்கன்வாடியையும் சுற்றி ஓர் ஐந்து செண்டு நிலத்திற் காய்கறித் தோட்டம் போட இடமும் நீரும் உண்டா என்று பாருங்கள். அடங்கலில் நெல்லின் பரப்பைக் குறிக்கும்பொழுது, ஊருக்கு வேண்டிய பயறு ஊரில் விளைகிறதா என்பதையும் ஒருமுறை கணக்கிடுங்கள்.

மூட்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டே விவசாயத்தின் வெற்றியை அளந்து வந்தோம். பஞ்சம் இருந்த காலத்துக்கு அவ்வளவை பொருத்தமாயிருந்தது. இனி அவ்வூரிலுள்ள பெண்களின் இரத்தத்தையும், நாற்பது வயதடைந்த ஆண்களின் சிறுநீரையும் சேர்த்தே அளக்கவேண்டிய காலம் வந்துவிட்டது. அடுத்த முறை சோற்றுக்குக் கை நீட்டுமுன், மிராசுதார் அவர்கள் தாம் அன்று எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை நினைத்துக்கொண்டு, ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி கீரையைக் கூட்டுவாராக. இதற்குக் கடன் வாங்கவேண்டியதில்லை. மானியத்துக்கு மனுப் போடவேண்டியதுமில்லை.