சர்டிஃபிகேட் இல்லாத ஒரு மணி நேரம்

கணித ஆராய்ச்சி உரை நடக்குதுன்னு நோட்டீஸ் போர்டுல ஒரு காகிதம் ஒட்டினா, அதுக்கு முன்னாடி நின்னு நாம கேக்குறது ரெண்டே கேள்விதான். "ஓ.டி. உண்டா? சர்டிஃபிகேட் குடுப்பாங்களா?" ரெண்டுக்கும் இல்லைன்னு பதில் வந்தா, நேரா கேன்டீன். நானும் அப்படிப் போனவன்தான். அதனால இதை அறிவுரையா எடுத்துக்காதீங்க.

வெளிய சொல்லாத மூணாவது கேள்வி ஒண்ணு இருக்கு. "போனா நமக்கு என்ன புரியப் போகுது?"

உண்மையைச் சொல்றேன், பெரும்பாலும் புரியாது. நான் முதன்முதலா போன உரையில பத்து நிமிஷம்தான் புரிஞ்சுது. மீதி நேரம் போர்டை வேடிக்கை பார்த்தேன். கடைசியில தலை நரைச்ச ஒரு பேராசிரியர் எழுந்து, "அந்த ரெண்டாவது வரி எனக்குப் பிடிபடலை, சின்னதா ஒரு உதாரணம் சொல்லுங்களேன்"னு கேட்டார். யாரும் சிரிக்கலை. பேசினவரும் பொறுமையா முதல்ல இருந்து போட்டுக் காட்டினார். நம்ம கிளாஸ்ல "புரியலை சார்"னு கை தூக்க எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கு? அந்த ஒரு கேள்விக்காகவே நான் மறுபடியும் போனேன்.

நமக்குக் கணக்கு எப்பவும் முடிஞ்சு போன விஷயமாத்தான் கைக்கு வருது. எம்-3ல ஃபூரியர் தொடரை ஃபார்முலாவா மனப்பாடம் பண்ணி, பதிமூணு மார்க்குக்கு எழுதிட்டு மறந்துடறோம். ஆனா 1807ல ஃபூரியர் வெப்பம் பரவுறதைப் பத்தின தன் ஆய்வைப் பாரிஸ்ல சமர்ப்பிச்சப்போ, லக்ராஞ்ச் மாதிரி பெரிய ஆளே அதை ஏத்துக்கலை. அது புத்தகமா வர 1822 ஆச்சு. இன்னும் முடியாத கணக்கு, சந்தேகமும் சண்டையுமா எப்படி இருக்கும்னு சிலபஸ் காட்டாது. அதைப் பார்க்கணும்னா ஆராய்ச்சி உரைக்குத்தான் போகணும்.

சென்னையில இருக்கிற நாம ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. தரமணியில கணித அறிவியல் நிறுவனம் இருக்கு. அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூர்ல தன் வீட்டிலேயே மாணவர்களை வச்சு நடத்தின கருத்தரங்குதான் அதுக்கு விதை. 1962ல அது நிறுவனமாச்சு. இன்டர்வியூவுக்காக நாம ஓடுற அதே சிறுசேரி சிப்காட்ல, சி.எஸ். சேஷாத்ரி 1989ல தொடங்கின சென்னை கணிதவியல் கழகம் இருக்கு. சேப்பாக்கத்துல சென்னைப் பல்கலைக்கழகத்தோட ராமானுஜன் உயர்கணித ஆய்வு நிறுவனம் இருக்கு. கம்பெனி பேரெல்லாம் தலைகீழா ஒப்பிக்கிற நமக்கு இந்த மூணும் தெரியலைன்னா, அது கொஞ்சம் வருத்தமான விஷயம்தான்.

"அரியரையே கிளியர் பண்ண முடியலை, இதுல இது வேறயா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். எல்லாரும் வரணும்னு நான் சொல்லலை. கூட்டம் சேர்க்கறதுக்காக ஃபர்ஸ்ட் இயர் பசங்களை ஆடிட்டோரியத்துல அடைச்சு வச்சு, அட்டெண்டன்ஸ் ஷீட்டைச் சுத்த விடுறதுதான் இந்த ஆசையைக் கொல்ற முதல் வேலை. விருப்பப்பட்டு வர்ற நாலு பேர் போதும்.

போறதுன்னு முடிவு பண்ணிட்டா, 'கலோக்கியம்'னு போட்டிருக்கிறதை முதல்ல தேர்ந்தெடுங்க. அது வேற துறைக்காரங்களுக்கும் சேர்த்துப் பேசுறது. 'செமினார்'னா பெரும்பாலும் அந்தத் துறை ஆளுங்களுக்கானது. வெளி மாணவர்கள் வரலாமான்னு ஒரு மெயில் போட்டுக் கேட்டுக்கோங்க. உரைச் சுருக்கத்துல தெரியாத ரெண்டு சொல்லை மட்டும் முன்னாடியே தேடிப் படிச்சுட்டுப் போங்க. நோட்டுல எல்லாத்தையும் எழுத வேண்டாம். புரிஞ்ச ஒரு வரியும் புரியாத ஒரு கேள்வியும் இருந்தாப் போதும்.

அடுத்த தடவை அந்தக் காகிதத்தைப் பார்த்தா, ஓ.டி.யை மறந்துட்டு தேதியை மட்டும் குறிச்சுக்கோங்க. திரும்பி வர்றப்போ கையில சர்டிஃபிகேட் இருக்காது. பஸ்ல யோசிக்க ஒரு கேள்வி இருக்கும்.