உன்ட ஐபி என்னட்ட இருக்கு

"உன்ட ஐபி என்னட்ட இருக்கு. வீடு எங்க எண்டும் தெரியும்." முகமில்லாத ஒரு கணக்கிலிருந்து வந்த இந்த மெசேஜால் என் வகுப்புத் தோழி இரண்டு கிழமை ஃபேஸ்புக் பக்கமே போகவில்லை. ஆதாரமாக ஒரு இலக்கமும் வந்திருந்தது: 192.168.1.5.

உங்கட ஃபோனிலயும் ஒருக்கா பாருங்கோ. ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் செட்டிங்ஸில் 'அபவுட் ஃபோன்' பகுதிக்குள் இருக்கும். ஐஃபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில இருக்கிற சின்ன 'ஐ'யை அமத்துங்கோ. வீட்டு வைஃபை எண்டால் அநேகமாக 192.168 எண்டுதான் தொடங்கும். என்ட ஃபோனில 192.168.1.4. வீட்டு ரவுட்டர் உள்ளுக்குள்ள பங்கிட்டுக் கொடுக்கிற இலக்கம் அது. அதே இலக்கம் உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளில் இருக்கிறது.

வெளியில் தெரிகிற ஐபி வேறு. பழைய ஐபிவி4 முறையில் மொத்த முகவரிகளே ஏறத்தாழ 430 கோடிதான் என்பதால், மொபைல் டேட்டாவில் ஒரே முகவரியைப் பலர் பகிர்கிறார்கள். அதை வைத்துத் தேடினால் ஊரே பிழையாக வரலாம். வீட்டுப் படலை வராது.

அந்த இலக்கத்தை ஆளோடு பொருத்தக்கூடிய பதிவேடு இணைய நிறுவனத்திடம் இருக்கிறது. அதை யார், எந்த ஆணையோடு கேட்கலாம்? நாங்கள் கவலைப்பட வேண்டியது அதைப்பற்றி.

தோழி மெசேஜை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருக்கிறாள். இலக்கம் பொய் எண்டாலும் மிரட்டல் மிரட்டல்தானே. அவளுக்கு இதெல்லாம் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. "நீ ஏன் ஃபோட்டோ போட்டனீ?" எண்டு கேட்ட அவளுடைய அண்ணனுக்குத்தான் இன்னும் விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.